பழைய பால் அட்டை, மாட்டுக் கணக்கு, டைரி: எதை வைப்பது, எப்படிப் படிப்பது, எப்படிக் காப்பது?

கட்டுத்தரை

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிற காகிதங்கள் பற்றிக் கேட்கிறேன். சுமார் 1950-லிருந்து 2010 வரைக்குமானவை. உள்ளே இருப்பவை:

நீளவாக்கு கணக்கு நோட்டுகள், பேங்க்கும் தீவனக் கம்பெனியும் இலவசமாகக் கொடுத்த டைரிகள், சொசைட்டி (பால் கூட்டுறவுச் சங்கம்) தினமும் ஊற்றிய பாலைக் குறித்துக் கொடுத்த பால் அட்டைகள் (கட்டுக்கட்டாக), புண்ணாக்கு, பருத்திக்கொட்டை ரசீதுகள், சந்தைச் சீட்டுகள், சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்ட ரசீதுகள், மாட்டு இன்சூரன்ஸ் தாள், காதில் அடிக்கிற தகட்டுத் தோடு, கறவைமாட்டுக் கடன் பத்திரம், ஓரத்தில் எழுதிய மாதக் காலண்டர்கள், கடைசியாக மெஷினில் அடித்த பால் சீட்டுகள்.

வீட்டில் பெரும்பாலோர் சொல்வது: டைரியை வைத்துக்கொண்டு பால் அட்டையையும் ரசீதையும் எரித்துவிடலாம். அது சரியா? எந்த வரிசையில் அடுக்குவது? தேதி இல்லாதவற்றுக்கு ஆண்டு கண்டுபிடிக்க வழி உண்டா? பழைய கணக்குக் குறிகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழந்தாள்

முதலில் எதையும் பிரிக்காதீங்க. ஆண்டு வாரியாகவும் வகை வாரியாகவும் அடுக்கத்தான் கை துறுதுறுக்கும், அதுதான் பெரிய கேடு. பெட்டியில் எது எதன் மேல் கிடந்தது என்பதே ஒரு செய்தி. ஒரு டைரியின் நடுப்பக்கத்தில் தேதி கிழிந்துபோன புண்ணாக்கு ரசீது செருகியிருந்தால், அந்தப் பக்கம்தான் அதற்குத் தேதி. எடுத்து "ரசீதுகள்" கவரில் போட்டால் அது வெறும் துண்டுத் தாள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பெட்டியைத் திறந்த நிலையில் மேலிருந்து ஒரு படம். ஒவ்வொரு அடுக்கை எடுக்கும்போதும் ஒரு படம். கட்டுக்கு ஓர் எண், கட்டுக்குள் இருக்கும் தாளுக்கு ஓர் எண்: 4/17 என்றால் நாலாவது கட்டில் பதினேழாவது தாள். எண்ணைத் தாளின் பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் அழுத்தாமல் எழுதணும். பால்பாயின்ட், ஸ்கெட்ச், ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். டைரிக்குள் செருகியிருப்பதை வெளியே வைக்க வேண்டியிருந்தால் (துருப்பிடித்த தகடு, தடித்த தாள்) அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் "4/17 இங்கே இருந்தது" என்று எழுதி வைச்சிடுங்க.

ரப்பர் பேண்டை இழுக்காதீங்க. பழையது உருகித் தாளோடு ஒட்டியிருக்கும். கத்தரியால் வெட்டி, ஒட்டியதில் தானாக உதிர்வதை மட்டும் எடுங்க. குண்டூசி துருவேறியிருந்தால் உருவக் கூடாது, தாள் கிழியும். மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் நுழைத்துத் தாளைக் காத்துக்கொண்டு, ஊசியை மெல்ல நிமிர்த்தி எடுக்கணும். ஸ்டேப்ளர் பின்னுக்கும் அதே முறைதான்: பின்பக்கக் கால்களை நிமிர்த்தி, முன்பக்கமாக எடுக்கணும்.

பால் அட்டையை எரிக்கிற பேச்சுக்கே இடம் கொடுக்காதீங்க. ஏன் என்று மாடு வளர்த்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கொறங்காடு

டைரி எழுதுகிறவர் வழக்கத்துக்கு மாறானதைத்தான் எழுதுவார். மாடு ஈன்றது, செத்தது, விற்றது, மழை, கல்யாணம், கோர்ட் கேஸ். தினமும் நடப்பதை யாரும் எழுதுவதில்லை. அந்தத் தினப்படி வேலை முழுவதும் பால் அட்டையில்தான் இருக்கிறது. காலை எத்தனை, மாலை எத்தனை, எந்த நாள் ஊற்றவில்லை, எந்த மாதம் தீவனத்துக்குப் பிடித்தார்கள். டைரியும் அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் பண்ணை கண்ணுக்குத் தெரியும்.

கணக்குப் பாருங்க. டைரியில் மார்ச் 10 "மயிலைக்கு ஊசி" என்று ஒரே வரி, மயிலை மாட்டின் பெயர். பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள், அதாவது ஒன்பது மாதமும் சில நாளும். அந்த ஊசி நின்றிருந்தால் (சினை பிடித்திருந்தால்) டிசம்பர் 15 வாக்கில் கன்று. ஈன்பதற்கு இரண்டு மாதம் முன்பே பாலை வற்ற விடுவார்கள், அதனால் அக்டோபர் நடுவில் அட்டையில் லிட்டர் சரிந்து நிற்கும். ஈன்ற பிறகு நாலைந்து நாள் சீம்பால், அதைச் சொசைட்டியில் வாங்க மாட்டார்கள். டிசம்பர் 20 சுமாருக்குத் திரும்ப லிட்டர் ஏறும். அட்டை இப்படியே காட்டினால் டைரியின் ஒற்றை வரி உறுதியாகிறது. அட்டையில் இடைவெளியே இல்லை என்றால் ஊசி நிற்கவில்லை, அல்லது அதே நேரத்தில் இன்னொரு மாடு கறந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இன்னொரு ஊசி ரசீது இருக்கிறதா என்று தேடுங்க. நிற்காத மாடு சுமார் 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வரும்.

எருமை என்றால் 310 நாள் போடணும். அதே மார்ச் 10, ஜனவரி 14-க்குப் போய்விடும். எது பசு எது எருமை என்று தெரியாமல் கணக்குப் போட்டால் எல்லாமே ஒரு மாதம் தள்ளும்.

எங்க பக்கம் மாட்டுக்குப் பெயர் நிறத்தை வைத்துத்தான் வரும்: மயிலை, செவலை, காரி, பிள்ளை. தாய் மயிலை போன பிறகு மகளும் மயிலை. பத்து வருஷ டைரியில் வருகிற "மயிலை" ஒரே மாடு என்று நினைத்துவிடக் கூடாது. ஈத்து (எத்தனையாவது கன்று) எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு போங்க. "தலையீத்து" என்று எங்கே வருகிறதோ அங்கே புது மாடு தொடங்குகிறது. கிடாரி (இன்னும் ஈனாத இளம் பசு) என்று எழுதியதும் மயிலை என்று எழுதியதும் ஒரே உருப்படியா என்பதும் அங்கேதான் தெரியும்.

டெஸ்டர்

பால் அட்டை படிக்கிறவர்கள் வழக்கமாகச் சறுக்குகிற இடங்களைச் சொல்கிறேன்.

அட்டை உறுப்பினருக்கு, மாட்டுக்கு அல்ல. மூன்று மாட்டுப் பால் ஒரே கேனில் போகும். லிட்டரைப் பார்த்து "இந்த மாடு 14 லிட்டர் கறந்தது" என்று எழுதிவிடக் கூடாது. வீட்டுக்கு எடுத்தது, கன்றுக்கு விட்டது, டீக்கடைக்கு ஊற்றியது அட்டையில் வராது.

கொழுப்பு நிரலில் பத்து நாளைக்கும் ஒரே எண் இருந்தால் அது தினப் பரிசோதனை அல்ல. தினமும் கொஞ்சம் மாதிரிப் பாலை மருந்து போட்ட பாட்டிலில் சேர்த்து, பட்டுவாடாத் தவணை முடிவில் ஒரே தடவை பார்த்த அளவு. தினமும் மாறினால்தான் தினப் பரிசோதனை. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு வரைபடம் வரைந்தால் தப்பாகத்தான் வரும்.

கெர்பர் முறையில் (அமிலம் ஊற்றிக் கொழுப்பைப் பிரித்து அளப்பது) பார்த்த காலத்து எண்களை நம்பலாம், ஆனால் செய்கிறவர் கையைப் பொறுத்தது. கந்தக அமிலம் 10 மி.லி., பால் 10.75 மி.லி., அமைல் ஆல்கஹால் 1 மி.லி., மூடி குலுக்கி, நிமிஷத்துக்கு 1100 சுற்றில் ஐந்து நிமிஷம் சுழற்றி, 65 டிகிரி வெந்நீரில் வைத்துப் படிக்கணும். அமிலம் நீர்த்திருந்தால் தயிர்போல வெள்ளைத் துகள் நிற்கும், கடுத்திருந்தால் கருகும், இரண்டிலும் கொழுப்புக் கோடு தெளிவாக விழாது. ஒரு தவணையில் மட்டும் ஊர் முழுக்கக் கொழுப்பு விழுந்திருந்தால் மாட்டில் காரணம் தேடாதீர்கள்.

எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்) நிரல் இன்னும் சிக்கல். லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி பார்க்கிற கருவி) அளவை நாலால் வகுத்து, கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதோடு ஒரு நிலையான எண்ணைச் சேர்ப்பது ஒரு வழக்கம். அந்த எண் இடத்துக்கு இடம் வேறு. லாக்டோமீட்டர் 28, கொழுப்பு 4.0 என்றால் 7 + 0.8 = 7.8. இதோடு 0.14 சேர்த்தால் 7.94, 0.36 சேர்த்தால் 8.16. பால் ஒன்றுதான், எண் இரண்டு. ஆகவே இரண்டு சொசைட்டி அட்டைகளை ஒப்பிட்டு "அங்கே பால் கெட்டி" என்று முடிவுக்கு வர வேண்டாம்.

லிட்டரா கிலோவா என்பதையும் தலைப்பில் பாருங்கள். 10 லிட்டர் சுமார் 10.3 கிலோ. மாதக் கணக்கில் மூன்று சதவீத வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மாலைப் பாலில் கொழுப்புக் கூடுதலாக இருப்பது இயல்பு. காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடைவெளி குறைவு, பால் குறையும், கொழுப்பு விகிதம் ஏறும். வற்றப் போகிற மாட்டுக்கும் அப்படியே. கலப்படம், திருத்தல் என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

பிடித்தம் நிரலை விட்டுவிடாதீர்கள். தீவனம், கடன் தவணை, பங்குத் தொகை, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் வரும். கடன் பத்திரத்தில் மாதத் தவணை என்ன, அட்டையில் பிடித்தது என்ன என்று பொருத்தினால் எந்த மாட்டுக்கு வாங்கிய கடன் எப்போது அடைந்தது என்று தெரிந்துவிடும்.

மோர்ப்பானை

சொசைட்டி வருவதற்கு முந்தைய நோட்டுகளில் பால் விற்ற கணக்கைத் தேடினால் கிடைக்காதுங்க. பால் வீட்டிலேயே தயிராகி, கடைந்து, வெண்ணெயாகத்தான் வெளியே போகும். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர் வந்ததே இந்த வழக்கத்தால்தான். அந்தக் காலத்து வரவில் "வெண்ணெய்" என்று வாரத்துக்கு ஒரு தடவை வருவதுதான் பால் வருமானம். அதில் பெரும்பகுதி எருமை. காங்கேயம் மாடு உழவுக்கும் வண்டிக்கும், கறவைக்கு எருமை. பசு என்ற சொல்லே வராத நோட்டைப் பார்த்து இங்கே கறவையே இல்லை என்று நினைக்கக் கூடாது.

அளவுகள்: எட்டு ஆழாக்கு ஒரு படி. இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி படி. வெண்ணெய் நிறுப்பது பலம், சேர், வீசையில். எட்டுப் பலம் ஒரு சேர், ஐந்து சேர் ஒரு வீசை. சென்னைக் கணக்கில் வீசை சுமார் 1.4 கிலோ, பலம் சுமார் 35 கிராம். படி மட்டும் ஊருக்கு ஊர் மாறும், சின்னப் படி பெரிய படி உண்டு. அதனால் லிட்டருக்கு மாற்றி எழுதாமல் நோட்டில் இருக்கிறபடி "3 படி 2 ஆழாக்கு" என்றே பதியுங்க. மாற்றிய அளவு வேணும் என்றால் தனி நிரலில் போடலாம்.

பணம்: 3-8-6 என்று இருந்தால் மூன்று ரூபாய், எட்டணா, ஆறு பை. பதினாறு அணா ரூபாய், பன்னிரண்டு பை அணா. எட்டணா 50 பைசா, ஆறு பை அரையணா, அதாவது சுமார் 3 பைசா. ஆக ரூ.3.53. 1957 ஏப்ரல் 1-ல் நூறு பைசா கணக்கு வந்தது. 1964 வரை "ந.பை." என்று வரும், நயா பைசா. ஆனால் கையெழுத்தில் அணா அதோடு போய்விடாது. 1970-களிலும் "நாலணா" என்று எழுதுவார்கள், அது 25 பைசா. அணாவைப் பார்த்த உடனே 1957-க்கு முன் என்று முத்திரை குத்த வேண்டாம்.

குறிகள்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். வேகமாக எழுதும்போது இவை எல்லாம் ஒரு சுழியும் ஒரு இழுப்புமாக இருக்கும். ஒரே கை எழுதிய பத்துப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு குறிக்கும் தெளிவான ஒரு படத்தை வெட்டி எடுத்து ஒரு தாளில் ஒட்டி வைத்துக்கொண்டு படித்தால் சீக்கிரம் பழகும்.

கட்டுத்தரை

மிக்க நன்றிங்க. ஒரு நோட்டில் அடிக்கடி "அவ படி" என்று வருகிறது. யாரையோ குறிக்கிறதா? இன்னொன்று "௩௰௫". இது மூன்று, பத்து, ஐந்து என்று தனித்தனியா?

மோர்ப்பானை

அது ஆள் இல்லைங்க. தமிழ் எண்ணில் எட்டு ௮, கால் என்பதற்கு வ. எட்டேகால் படி. "எட்டேகால் லட்சணமே" என்று ஏசுவதற்கு அவலட்சணம் என்று பொருள் வருவது இதனால்தான். ௩௰௫ என்பது முப்பத்தைந்து: மூன்று பத்து, ஐந்து. ௱ நூறு, ௲ ஆயிரம். சிலர் சுழியத்தை வைத்து நம் இப்போதைய முறையிலும் எழுதியிருப்பார்கள், ஒரே நோட்டில் இரண்டும் கலந்து வரலாம். கூட்டுத்தொகை சரிவருகிறதா என்று போட்டுப் பாருங்க, படித்தது சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

பழந்தாள்

ஆண்டு கண்டுபிடிப்பது பற்றி.

தமிழ் வருஷப் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அறுபது ஆண்டுச் சுற்று, 1927-லும் 1987-லும் பிரபவ தொடங்கியது. ஆனந்த என்றால் 1974 சித்திரையிலிருந்து 1975 பங்குனி வரை. இங்கேதான் வழக்கமான பிழை வருகிறது: "ஆனந்த௵ தை௴ ௨௳" என்பதை 1974 என்று பதிந்துவிடுகிறார்கள். தை என்றாலே ஆங்கில ஆண்டு மாறியிருக்கும். அது 1975 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். மார்கழி மட்டும் இரண்டு ஆண்டிலும் கால் வைக்கும்.

அச்சிட்ட டைரித் தேதியை நம்பாதீங்க. மிச்சமான டைரியை அடுத்தடுத்த வருஷம் எழுதுவது சகஜம். கிழமையைச் சோதிக்கலாம், அதுவும் போதாது: 1969 டைரியில் 1975-ல் எழுதினால் ஆண்டு முழுக்கக் கிழமை அப்படியே பொருந்தும். அமாவாசை, கிருத்திகை, உள்ளூர் நோம்பி (திருவிழா) என்று ஏதாவது குறித்திருந்தால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தோடு பார்க்கணும். பால் அட்டையோடு பொருத்திப் பார்ப்பது அதைவிட உறுதி.

அச்சுத் தலைப்புகள் நிறையச் சொல்லும். "மெட்ராஸ் ஸ்டேட்" என்றிருந்தால் அச்சடித்தது 1969 ஜனவரிக்கு முன். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட்டுக்குப் பின். தாராபுரம் விலாசத்தில் கோயமுத்தூர் மாவட்டம் என்றால் 1979-க்கு முன், பெரியார் மாவட்டம் என்றால் 1979-லிருந்து 90-களின் பிற்பகுதி வரை, பிறகு ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர். சொசைட்டிப் பலகையிலும் தாளிலும் "தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம்" என்று வந்தால் 1981-க்குப் பின், இணையம் பதிவானதே அந்த ஆண்டு பிப்ரவரியில்தான். லை, னை, ணை ஆகியவை தும்பிக்கை வைத்த பழைய வடிவில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. கையெழுத்துக்கு இது செல்லாது, பழைய வடிவில் பழகியவர்கள் கடைசி வரை அப்படியே எழுதினார்கள். பழைய படிவத்தை அடித்துத் திருத்திப் பல வருஷம் பயன்படுத்துவார்கள் என்பதால், அதில் எழுதிய ஆண்டுக்கு இவை எல்லாம் "இதற்கு முன் இல்லை" என்று சொல்லத்தான் உதவும், "இதற்குப் பின் இல்லை" என்று சொல்ல உதவாது.

கடன் பத்திரத்தில் ஐ.ஆர்.டி.பி. (ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம்) என்று இருந்தால் 1978-க்குப் பின். 1980 அக்டோபரில்தான் அது நாடு முழுக்க எல்லா ஒன்றியத்துக்கும் வந்தது. விலையில்லாக் கறவை மாடு பற்றிய தாள் என்றால் 2011 செப்டம்பருக்குப் பின்.

சினைப்பசு

சந்தைச் சீட்டில் தேதி அழிந்திருந்தாலும் சந்தைப் பெயர் இருந்தால் மாதம் கிடைக்கும். கண்ணபுரம் என்றால் சித்திரை, அந்தியூர் குருநாதசாமி என்றால் ஆடி. வாரச் சந்தைக்கு இது உதவாது. சீட்டில் "இரண்டு பல்", "நாலு பல்", "கடை" என்று இருப்பது வயது. இரண்டு பல் இரண்டு, இரண்டரை வயது சுமார், நாலு பல் மூன்று சுமார், கடைப்பல் முளைத்தால் நாலு, நாலரைக்கு மேல். வாங்கிய நாளில் இருந்து பின்னால் எண்ணிப் பிறந்த ஆண்டைச் சுமாராகப் போடலாம். சுழி (தோலில் முடி சுழன்ற இடம்) எழுதியிருந்தால் அப்படியே பதியுங்கள், அடையாளத்துக்கு அதுதான் முக்கியம், நிறம் இரண்டாவது.

நோய்ப் பெயர்களை இன்றைய பெயருக்கு மாற்றாமல் எழுதியபடி வையுங்கள். கோமாரி, மடிநோய், தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றில் குழப்பம் குறைவு. "வெக்கை" என்பது பழைய டைரியில் பெரும்பாலும் மாட்டுக்கூட்டத்தையே அழித்த அந்தக் கொள்ளைநோய்தான் (ரிண்டர்பெஸ்ட்). இந்தியாவில் 1995-க்குப் பிறகு அது இல்லை, 2011-ல் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஆகவே 2003 டைரியில் வெக்கை என்றால் வேறு எதையோ சொல்கிறார்கள். "அம்மை" இன்னும் கவனம்: வெக்கை, கோமாரி, மடியில் வரும் அம்மை, மூன்றுக்கும் அந்தச் சொல் ஓடும். அண்மைக்காலத்துத் தோல் கழலை நோய் இந்தியாவில் 2019-ல்தான் தெரிய வந்தது, பழைய அம்மைக் குறிப்பில் அதை ஏற்றிவிடாதீர்கள். வாயில் புண், கழிச்சல், கால் குளம்பு, நடக்க முடியவில்லை என்று பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கழிச்சல் இருந்தால் வெக்கைப் பக்கம், குளம்பு வந்தால் கோமாரிப் பக்கம்.

ஊசி ரசீதில் காளை எண் இருந்தால் அது தனி நிரல். ஜெர்சியா, பிரீசியனா என்று எழுத்து இருக்கும். சமவெளிக்கு ஜெர்சி, மலைக்குப் பிரீசியன் என்பது தமிழ்நாட்டில் வெகுகாலம் இருந்த கொள்கை. தாராபுரம் பக்கம் எப்போது பிரீசியன் எண் தொடங்குகிறது என்று பார்த்தாலே பண்ணை எந்தப் பக்கம் திரும்பியது என்று தெரியும்.

காதுத் தோடு: தகட்டுத் தோடு இன்சூரன்ஸுக்கு அடித்தது. மாடு செத்தால் தோட்டை ஒப்படைத்தால்தான் பணம். அது பெட்டியில் கிடக்கிறது என்றால் பணம் கேட்கவே இல்லை, அல்லது தோடு விழுந்து மறுதோடு அடித்தார்கள். எண்ணை இன்சூரன்ஸ் தாளோடு பொருத்துங்கள். பன்னிரண்டு இலக்க மஞ்சள் பிளாஸ்டிக் தோடு வேறு, அது அண்மைக்காலத்து அரசுப் பதிவு.

நெல்மணி

எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிட்டால் கவலை இல்லையே? பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போட்டு வைக்கலாம்.

பழந்தாள்

இரண்டும் வேண்டாம் நண்பரே. லேமினேஷன் சூட்டில் ஒட்டுவது, திரும்பப் பிரிக்க முடியாது. உள்ளே இருக்கிற அமிலமும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் தாள் அங்கேயே மக்கும். மெஷினில் அடித்த பால் சீட்டு சூட்டுக்குக் கறுக்கிற தாள், லேமினேட் மெஷினில் விட்டால் அந்த நொடியே முழுக்கக் கறுத்துப்போகும். அந்தச் சீட்டுகளை முதல் வேலையாக ஸ்கேன் செய்யணும், பெட்டியில் மிகச் சீக்கிரம் அழிவது 1955 நோட்டு அல்ல, 2010 சீட்டுதான். பிவிசி உறையில் போட்டாலும் எழுத்து மங்கும். சாதாரண வெள்ளைத் தாள் கவரில், வெயிலும் சூடும் இல்லாத இடத்தில் வைங்க.

நாப்தலீன் மூச்சுக்கு நல்லதல்ல, வாடை தாளில் ஏறும், கரையானையும் நிறுத்தாது. ராமபாணப் பூச்சியோ புழுவோ இருந்தால் குளிரூட்டலாம். காய்ந்த தாளை மட்டும் பாலிதீன் பையில் காற்றை அமுக்கி எடுத்து ஒட்டி, வீட்டுப் பிரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வேர்த்துவிடும். வசம்பைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைக்கலாம், தாளைத் தொடாமல். பச்சை வேப்பிலை போடாதீங்க, ஈரம், கறை.

வெயிலில் காயப்போடுவதும் கூடாது. நனைந்திருந்தால் நிழலில், மின்விசிறிக் காற்றில், இடையிடையே அச்சடிக்காத நியூஸ்பிரின்ட் வைத்து, அது நனைய நனைய மாற்றணும். இரண்டு நாளுக்கு மேல் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்ததை வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டணும். ஊதா நிற மை பென்சிலால் எழுதிய வரிகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பக்கம் முழுக்க ஊதா ஓடும். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. பைண்டிங் கடைப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவார்கள், அதையும் தாளில் தடவ வேண்டாம். கிழிந்த துண்டை உறையில் தாளோடு சேர்த்து வைத்தாலே போதும்.

ஏடு

ஸ்கேன்: வண்ணத்தில், 300 டிபிஐ, பென்சில் எழுத்துக்கும் சிறிய அட்டைக்கும் 400 அல்லது 600. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு மைத் திருத்தமும் ரப்பர் ஸ்டாம்பும் வித்தியாசம் தெரியாது. சுருக்காத மூலக் கோப்பு ஒன்று, பார்க்க ஜேபெக் ஒன்று. கோப்புப் பெயரில் பழந்தாள் சொன்ன கட்டு எண்ணை முதலில் போடுங்க, ஆண்டு பின்னால். ஆண்டு ஊகம்தான், நாளைக்கு மாறும், கட்டு எண் மாறாது. எழுதாத பக்கத்தையும் எடுங்க. மூன்று நகல், அதில் ஒன்று வேறு வீட்டில்.

அழிந்த பென்சில் எழுத்துக்கு விளக்கைப் பக்கவாட்டில் தாளோடு தாளாகச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தால் அழுத்தத் தடம் தெரியும்.

தட்டெழுதும்போது மூன்று தனி நிரல்: நோட்டில் உள்ளபடி, படித்த பொருள், உங்கள் ஊகம். இவற்றைக் கலக்காதீங்க. "யார் எழுதியது" என்றும் ஒரு நிரல் வைங்க. அட்டையில் உறுப்பினர் பெயர் ஆணாக இருக்கும், ஆனால் காலண்டர் ஓரத்தில் லிட்டர் குறித்த கை பெரும்பாலும் வேறு. பால் கறந்ததும், கணக்கு வைத்ததும், பட்டுவாடா அன்று தொகை குறைந்ததைக் கண்டுபிடித்ததும் வீட்டுப் பெண்கள். பெயர் இல்லாத அந்தக் கையை "கை 2" என்றாவது பதிந்தால்தான் பின்னால் வருகிறவருக்குத் தெரியும். காலண்டர்களை முதலில் எரிக்க எடுப்பார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இணையத்தில் போடுமுன் பேங்க் கணக்கு எண், ஆதார் எண்ணை நகலில் மறைக்கணும், மூலக் கோப்பில் அல்ல. பண்ணையாள் முன்பணக் கணக்கு இருந்தால் இன்னும் யோசிங்க. அதில் இருப்பது இன்னொரு குடும்பத்தின் கடனும் கூலியும். அவர்கள் பிள்ளைகள் அதே ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் காட்டி, கேட்டு, பிறகு முடிவு செய்வதுதான் முறை.

கட்டுத்தரை

எரிக்கிற பேச்சை நிறுத்தியாகிவிட்டது. இன்னும் இரண்டு கேள்விங்க. மாடு கட்டுகிற கட்டுத்தரைச் சுவரில் கரிக்கோடுகள் வரிசையாக இருக்கின்றன, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். அதற்கும் மதிப்பு உண்டா? பிறகு இவற்றை வெளியே யாரிடமாவது கொடுப்பதா, வீட்டிலேயே வைப்பதா?

ஏடு

வெளியே கொடுப்பது பற்றி: நகலைக் கொடுங்க, அசலை அவசரப்பட்டு அனுப்பாதீங்க. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் அசல் நாட்டை விட்டு வெளியேறக் கூடாது என்பதே விதி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அந்தத் திட்டத்தில் தமிழ்க் கிராமத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தியிருக்கிறது. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தின் பலம் அச்சு நூல்களும் இதழ்களும், பாதுகாப்பு முறை பற்றி ஆலோசனை கேட்க நல்ல இடம். யாரிடம் கேட்டாலும் முதலில் கட்டு எண் போட்ட பட்டியலைத்தான் கேட்பார்கள், அதை முடித்துவிட்டுப் பேசுங்க.

கொறங்காடு

சுவருக்குக் கண்டிப்பாக மதிப்பு உண்டுங்க. நோட்டு வைக்காத கை சுவரில்தான் எழுதும். வெள்ளையடிக்கும் முன் ஒரு அடிக்கோலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, முதலில் முழுச் சுவர், பிறகு இரண்டடிக்கு இரண்டடி கட்டமாக, ஒன்றின் ஓரம் அடுத்ததில் வருகிற மாதிரிப் படம் எடுங்க. காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒரு தடவை, வெயில் இல்லாதபோது ஒரு தடவை. கோடுகள் எத்தனை எத்தனையாகச் சேர்ந்திருக்கின்றன, குறுக்குக்கோடு எங்கே என்று எண்ணுங்க. ஏழேழாக இருந்தால் வாரப் பட்டுவாடா, பத்தாக இருந்தால் பத்து நாள் தவணை. கோட்டின் உயரம் தரையிலிருந்து எவ்வளவு என்றும் எழுதுங்க, எந்தக் காடியில் (தீவனத் தொட்டி) கட்டிய மாட்டுக்கு நேராக இருக்கிறது என்றும் எழுதுங்க. ஒவ்வொரு மாட்டுக்கும் தனிக் கணக்கு வைத்திருந்தால் அது அந்த இடத்தில்தான் இருக்கும், அட்டையில் கிடைக்காது. பழைய சுண்ணாம்பு உரிந்த இடத்தில் அடியில் இன்னொரு அடுக்குக் கோடு தெரிந்தால் சுரண்டாமல் அதையும் எடுங்க.